வன்னிக் குளங்களும் வரைபட எல்லைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே, ஆனையிறவுக் கடலேரியில் தொடங்கி வவுனியாவுக்கு அப்பாலுள்ள நுவரகலாவியக் காடுகள் வரையில் பரந்து கிடக்கும் வன்னிப் பெருநிலம், உயர்ந்த மலை ஒன்றையோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றையோ இயற்கையிடமிருந்து பெறாத பிரதேசமாகும். ஐப்பசி தொடங்கித் தை வரையில் வாடைக்காற்றோடு வரும் பருவமழையே அதன் ஜீவாதாரம். எஞ்சிய மாதங்களில் சோழகமும் கச்சானும் வீசி நிலத்தை உலர்த்திவிடும். மூன்று நான்கு மாதத்து மழையைக் கொண்டு பன்னிரண்டு மாதத்துச் சீவியத்தை நடத்த வேண்டிய நிர்ப்பந்தத்திற்கு உள்ளான மக்கள், அதற்கு விடையாகக் குளங்களைக் கட்டினார்கள். காலநிலை மாற்றத்துக்கு இசைவாக்கம் என்று இன்றைய சர்வதேச மகாநாடுகளில் பேசப்படும் பொருள், அந்தப் பெயரின்றியே இந்நிலத்தில் ஈராயிரம் ஆண்டுகளாக அநுஷ்டிக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதையும், அந்த அநுஷ்டானத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய இடையூறுகளுள் ஒன்று நாம் பிற்காலத்தில் வகுத்துக்கொண்ட எல்லைக்கோடுகள் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்னிக் குளத்தைத் தனித்ததொரு நீர்நிலையாக எண்ணுவது பிழை. சிறு பள்ளத்தாக்கு ஒன்றின் தலைப்பில், காட்டை அண்டி, ஒரு சிறிய குளம் இருக்கும். அது நிரம்பி வான் பாய்ந்தால், அந்த நீரும் அதன் வயல்களிலிருந்து கசியும் நீரும் கீழேயுள்ள குளத்தை அடையும். அதிலிருந்து அடுத்த குளம். இவ்வாறு இறங்கி இறங்கி, ஈற்றில் ஒரு பெருங்குளத்தையோ, அருவியாறு, கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு போன்ற ஓர் ஆற்றையோ சென்று சேரும். தலைப்பிலுள்ள குளம் வண்டலைத் தாங்கிக்கொள்வதால் கீழேயுள்ள பெருங்குளம் தூர்ந்துபோகாமல் நீடித்து நிற்கும். கோடைக்காலத்தில் மேற்குளத்தின் ஊற்றுக் கீழ்க் கிராமத்துக் கிணறுகளை வற்றவிடாது. மேலேயுள்ள கட்டு உடைந்தால், அந்த வெள்ளம் கீழேயுள்ள கட்டுக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துக்கொண்டு செல்லும் என்ற அச்சமும் இவ்வமைப்பிலேயே அடங்கியிருந்தது. ஆகவே ஒரு கிராமத்தான் தன் குளக்கட்டைச் செப்பனிடுவது தன் வயலுக்காக மாத்திரமன்று. தான் முகம் அறியாத கீழூர்க்காரனின் வயலுக்காகவும் உயிருக்காகவுமே ஆகும். குளங்களின் இந்தத் தொடர் ஒழுங்கைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985ஆம் ஆண்டில் விஞ்ஞான முறையில் வரையறுத்துக் காட்டினார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் இலங்கை உலர்வலயத்தின் தொடர்குளக் கிராம முறையை 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. வன்னிக் கமக்காரருக்கோ அது தகப்பன் வழியில் வந்த சாதாரண அறிவு.

குளத்தில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது. இதைக் கொண்டு இத்தனை ஏக்கர் விதைக்கலாம். எஞ்சியது மாடுகளுக்கும் குடிநீருக்கும் வேண்டும் என்ற கணக்கு, மாரிப் பயிராகிய காலபோகம் முடிந்து கோடைப் பயிராகிய சிறுபோகம் தொடங்குமுன் ஊர்கூடித் தீர்க்கப்பட்டது. நீர் குறைந்த ஆண்டில் குளத்துக்கு அண்மையிலுள்ள வயல்களில் மாத்திரம் பயிரிட்டு, தூரத்து வயற்காரருக்கும் அவற்றில் பங்கு கொடுக்கும் வழக்கம், அயலிலுள்ள சிங்களக் கிராமங்களில் பெத்ம என்ற பெயரோடு வழங்குவது. வன்னியிலும் சிறுபோகத்து நீர் பங்குக் கணக்கிலேயே பிரிக்கப்பட்டு வந்திருக்கிறது. நட்டத்தை ஒருவன் தலையில் மாத்திரம் விழவிடாமல் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் இவ்வேற்பாடு, இன்றைய காப்புறுதித் திட்டங்கள் எதற்கும் குறைந்ததன்று என்பது என் துணிபு. குளக்கட்டில் ஐயனாரையோ பிள்ளையாரையோ வைத்து வழிபட்டதும், வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் ஊரெல்லாம் திரண்டு பொங்கலிட்டதும் மழையும் நோயும் மனித சக்திக்கு அப்பாற்பட்டவை என்ற பணிவினால். ஆயினும் அந்தப் பணிவு கட்டைச் செப்பனிடும் மண்வெட்டியைக் கைவிடச் செய்யவில்லை.

இம்முறை ஏன் குலைந்தது என்பதைச் சரித்திரத்தில்தான் தேட வேண்டும். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய வன்னித் தலைவன் பண்டார வன்னியன், அதே ஆண்டு ஐப்பசி இறுதியில் கற்சிலைமடுவில் தோல்வியுற்ற பின்பு, வன்னிமைகள் எனப்பட்ட குறுநில ஆட்சிகளின் சுயாதீனம் அடங்கிப்போயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் ஆலோசனையினால் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. மனித சுதந்திரத்தின்படி அது நியாயமான காரியமே. எனினும், குளக்கட்டைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் ஆட்களைத் திரட்டிய கட்டுப்பாடும் அதனோடு சேர்ந்து மறைந்தது. அதற்கு ஈடாக வேறோர் ஒழுங்கை அரசாங்கம் உடனே ஏற்படுத்தவில்லை. கட்டுக்கள் உடைந்தன, வயல்கள் காடாயின, காய்ச்சலும் பறங்கி நோயும் கிராமங்களை வெறுமையாக்கின. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் உத்தியோகத்தர் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், இந்தச் சோர்வுக் காலத்தின் முக்கியமான சாசனமாகும்.

பழைய நீர்வழக்கங்களைச் சட்டத்தின் துணையோடு உயிர்ப்பிக்கும் பிரயத்தனம் தேசாதிபதி சேர் ஹென்றி வார்டின் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தோடு ஆரம்பித்தது. ஊராரே கூடித் தம் வழக்கத்தை வரையறுத்துக்கொள்ளவும், அதனை மீறுவோருக்குத் தண்டம் விதிக்கவும் அது இடமளித்தது. ஆனால் நிர்வாக வசதி வேறொரு திசையில் இழுத்தது. 1833இல் மாகாணங்கள் வகுக்கப்பட்டபோது நுவரகலாவியவும் வன்னியும் ஒரே வட மாகாணத்தில் இருந்தன. 1873இல் அநுராதபுரத்தைத் தலைநகராகக் கொண்டு வடமத்திய மாகாணம் பிரிக்கப்பட்டது. அநுராதபுரத்தை ஊடறுத்து வரும் மல்வத்து ஓயாவே வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் அருவியாறு என்று பெயர் பெறுகிறது. ஒரே ஆற்றின் தலையும் காலும் அன்று முதல் இரண்டு கச்சேரி நிர்வாகங்களுக்கு உரியனவாயின. தலைப்பக்கத்துக் கச்சேரி ஒரு குளத்தின் கட்டை உயர்த்தத் தீர்மானிக்கும்போது, காற்பக்கத்தில் எத்தனை வயல்களுக்கு நீர் குறையும் என்பது அதன் கோவைகளில் எழுத வேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் இந்நிலத்துக்குப் புதியதொரு நம்பிக்கையைக் கொண்டுவந்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1902இல் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை தொடங்கி, இருபதுகளின் ஆரம்பத்தில் நிறைவெய்தியது. அதன்பின் கட்டு பல தடவை உயர்த்தப்பட்டு, இன்று அது இருபதினாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட வயல்களுக்குக் காலபோக நீர் அளிக்கிறது. கிளிநொச்சியில் முப்பதுகளில் தொடங்கிய குடியேற்றத் திட்டங்களும், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய பெருங்குளங்களின் புனரமைப்பும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோருக்கும் பின்னர் மலையகத்திலிருந்து இனக்கலவரங்களால் துரத்தப்பட்டு வந்தோருக்கும் நிலமும் நீரும் கொடுத்தன. வவுனிக்குளத்தை மகாவம்சம் கூறும் பேலிவாபியாக ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அந்தத் தொன்மையான கட்டின் கீழ் நம் காலத்து அகதி நெல் விதைத்தான் என்பது இந்நாட்டுச் சரித்திரத்தில் மனத்தைத் தொடும் செய்திகளுள் ஒன்று.

இக்காலத்திலேயே எல்லைகளும் பெருகின. 1978இல் முல்லைத்தீவும், 1984இல் கிளிநொச்சியும் தனி மாவட்டங்களாயின. வவுனியாப் பக்கத்தில் ஊற்றெடுத்து, முல்லைத்தீவு நிலத்தை நனைத்து, இரணைமடுவில் தங்கி, சுண்டிக்குளக் கடலேரியில் விழும் கனகராயன் ஆறு மூன்று அரசாங்க அதிபர்களின் ஆள்புலத்தை ஊடறுத்துச் செல்கிறது. 1987இன் அரசியலமைப்புப் பதின்மூன்றாந் திருத்தத்தின் பிறகு, ஒரு மாகாணத்துக்குள்ளேயே அடங்கும் ஆறு மாகாணத்துக்கும், மாகாணங்களைக் கடக்கும் ஆறு மத்திய அரசுக்கும் உரியதென வகுக்கப்பட்டது. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயல்களைக் கொண்ட சிறு குளங்களோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. மேற்குளம் ஒரு திணைக்களத்திடம், அதனால் நிரம்பும் பெருங்குளம் இன்னொன்றிடம், தலைப்பிலுள்ள காடு மற்றொன்றிடம் என்று ஒரே நீர் பல எசமானர்களிடையே பகுக்கப்பட்டிருக்கையில், அதன் அபாயத்தை முழுதாக மதிப்பிடுவது யாருடைய கடமை?

இதே வினாவைக் கடலும் கேட்டிருக்கிறது. அதுவும் மிகக் கொடிய முறையில். 1964ஆம் ஆண்டு மார்கழி மாதம் அந்தமானுக்குத் தெற்கே உருவாகி மேற்கு நோக்கி விரைந்த புயல், 22ஆந் திகதி இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்து, வவுனியா ஊடாகச் சென்றது. அன்று நள்ளிரவை அண்டி அது பாக்கு நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியில் மோதிற்று. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டியைப் பேரலை விழுங்க, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1914 முதல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் கப்பலால் இணைத்து, கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரே சீட்டில் மக்களைக் கொண்டுசென்ற பாதையின் இந்தியத் துறை ஒரே இரவில் அழிந்துபோயிற்று. வவுனியாவுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். முதலில் ஒரு தேசத்தின் காடுகளையும் வீடுகளையும் முறித்த காற்று, அடுத்த தேசத்தின் கரையை அடைவதற்குச் சில மணி நேரமே பிடித்தது.

அந்தப் புயலைப் பற்றிய நம் நினைவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது என் மனம் வருந்துகிறது. தமிழ்நாட்டு எழுத்துக்களில் அது தனுஷ்கோடியின் புயல். இடிந்த தேவாலயமும் மணல் மூடிய புகைவண்டி நிலையமும் அதன் சின்னங்கள். ஈழத்து முதியோரின் பேச்சில் அது அறுபத்து நாலாம் ஆண்டுச் சூறாவளி. முறிந்த மரங்களும், கூரை இழந்த வீடுகளும், திரும்பிவராத கடற்றொழிலாளரும் அதன் நினைவு. ஒரே காற்று; ஒரே மொழியில் இரண்டு கதைகள். இரண்டையும் ஒன்றாக வைத்து, எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு எங்கெங்கே எவ்வளவு நாசம் நேர்ந்தது என்று மக்கள் மொழியில் ஒரு முழு வரலாற்றை எழுதியிருப்போமாயின், பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் அதைவிடச் சிறந்த அபாய மதிப்பீட்டு நூல் வேறு கிடைத்திராது. இரு கரைக் கடலோடிகளும் காற்றை வாடை என்றும், கொண்டல் என்றும், சோழகம் என்றும், கச்சான் என்றும் ஒரே பெயர்களால் அழைப்பவர்கள். காற்றின் குணத்தை ஒருவருக்கொருவர் அறிவிக்க அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

விஞ்ஞான உலகம் இந்த உண்மையை விரைவிலேயே உணர்ந்தது என்று சொல்ல வேண்டும். உலக வளிமண்டலவியல் ஸ்தாபனத்தின் ஆதரவில் வங்கக் கடலையும் அரபுக் கடலையும் சூழ்ந்த தேசங்கள் 1972இல் புயல்களுக்கான ஒரு குழுவை அமைத்தன. புது தில்லியிலுள்ள நிலையம் அங்கத்துவ தேசங்கள் அனைத்துக்கும் புயல் ஆலோசனைகளை வழங்குகிறது. 2004 முதல் இத்தேசங்கள் முறைவைத்துப் புயல்களுக்குப் பெயரிட்டும் வருகின்றன. 2018 கார்த்திகையில் வேதாரணியத்தை நாசமாக்கிய கஜாவுக்குப் பெயர் கொடுத்தது இலங்கை என்பது பலர் அறியாத செய்தி. ஆயினும் அறிவு தலைநகர்களுக்கிடையே பயணம் செய்வதும், அது கொக்கிளாயிலோ நாயாற்றிலோ வாடி அமைத்துக் கரைவலை இழுப்பவனை அடைவதும் வேறு வேறு காரியங்கள். 2004 மார்கழி 26ஆந் திகதி காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை விழுங்கியது. இடையிலிருந்த அந்த அவகாசத்தில் கரையிலுள்ளவனுக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. அது காலநிலையால் விளைந்த அனர்த்தம் அன்று. எனினும், ஓரிடத்தில் தெரிந்துவிட்ட ஆபத்து மற்றோரிடத்துக்கு அறிவிக்கப்படாமற் போவதன் விலையை அதைப்போல் வேறொன்றும் நமக்குக் காட்டியதில்லை. அடுத்த ஆண்டே இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை இயற்றிற்று.

தேச எல்லையைக் காட்டிலும் கொடிய எல்லையொன்று போர்க்காலத்தில் வன்னியைச் சூழ்ந்திருந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் போட்ட தடைகள் சனங்களை மாத்திரமன்றி, மருந்தையும் எரிபொருளையும் மறித்தன. 2008 கார்த்திகையில் நிஷா என்ற புயல் இலங்கையின் வடபகுதியில் பெருமழையைக் கொட்டிவிட்டுத் தமிழ்நாட்டின் காவிரிக் கழிமுகத்தையும் மூழ்கடித்தபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இலட்சக்கணக்கானோர் போரினால் வீடிழந்து மரநிழல்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் இருந்தார்கள். கழிமுகத்தில் வெள்ளம் வந்தபோது உதவிப் படகுகள் விரைந்தன. இங்கே அதே மழையில் நனைந்தவர்களிடம் உதவி சென்றடைவதற்கு வழி அரிதாயிருந்தது. ஓர் அனர்த்தம் மக்களை எவ்வளவு வருத்தும் என்பது மழையின் அளவைப் பொறுத்தது மாத்திரமன்று. அந்த நேரத்தில் அவர்கள் எந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் பொறுத்தது. இரண்டு மாதம் கழித்து, போரின் உக்கிரத்தில் கல்மடுக்குளத்தின் கட்டும் உடைக்கப்பட்டது.

மீள்குடியேற்றத்தின் பின்னர், புனரமைக்கப்பட்ட இரணைமடு தன் முதற் பெரும் பரீட்சையை 2018 மார்கழியில் சந்தித்தது. 21ஆந் திகதி இரவு மேல்நிலங்களில் கொட்டிய மழை குளத்தை நிரப்ப, வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல்லாயிரம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். கதவுகளை முன்னரே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாகாதா என்ற விவாதம் பின்பு எழுந்தது. கமக்காரனின் நிலையில் நின்று பார்த்தால் இதன் சிக்கல் விளங்கும். மார்கழியில் திறந்துவிட்ட நீர் சிறுபோகத்துக்கு இல்லை. வைத்திருந்த நீரோ கட்டுக்கும் கீழ்க் கிராமங்களுக்கும் ஆபத்து. 2016இலும் 2017இலும் கடும் வரட்சியைக் கண்டு, நாடு அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்ததையும் பார்த்தவன், அடுத்த ஆண்டு குளம் தளும்புவதைக் காணும்போது ஓர் அடி நீரையும் இழக்க மனங்கொள்ளான். இந்தத் தீர்மானத்தைச் சரியாக எடுப்பதற்கு வேண்டியது மேல்நிலத்து மழையின் அளவு. அது பெய்யும் இடமோ அயல் மாவட்டங்களின் காடுகளும் சிறு குளங்களும்.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடு நீரைக் கொண்டுசெல்வது பற்றிய பிணக்கும் இவ்வகையினதே. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ஐம்பதுகளில் வகுத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டம், இரணைமடுவிலிருந்து வீணே கடலுக்குச் செல்லும் நீரை ஆனையிறவுக் கடலேரியில் தேக்கி, குடாநாட்டின் உவர்நீரேரிகளை நன்னீராக்க எண்ணியது; கடலைச் சேர இருந்த நீரையே அது நாடியதால் அதில் கமக்காரனுக்கு இழப்பில்லை. இந்த நூற்றாண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்த குடிநீர்த் திட்டமோ குளத்திலிருந்தே நீர் கேட்டது. கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தார்கள்; யாழ்ப்பாணத்தார் சிலர் அதைப் பிரதேச வாதம் என்றார்கள். நான் கமக்காரரைக் குறைகூற மாட்டேன். நல்ல மழை பெய்த ஆண்டுகளின் சராசரியைக் காட்டி, நீர் போதும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. சராசரியை நம்பி விதைப்பவன் வன்னியில் இல்லை. அதே சமயம், சுண்ணக்கல்லின் கீழ் நாளுக்கு நாள் உவர்ந்துவரும் கிணற்றை நம்பியிருக்கும் குடாநாட்டுத் தாயின் தாகமும் பொய்யன்று. ஈற்றில், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் என்ற அளவில் அமைக்கப்பட்டு 2024 ஆவணியில் திறந்துவைக்கப்பட்டது. பிணக்கு தணிந்தது, ஆனால், வரட்சி ஆண்டில் குளத்துநீரை யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற ஒப்பந்தம் இன்னும் எழுதப்படவில்லை.

காலநிலை பற்றிய ஆராய்ச்சியாளர் கூறும் எதிர்காலம், இன்னும் வலிய மழையும் இன்னும் நீண்ட வரட்சியும் ஆகும். 2020 மார்கழியில் புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்து மன்னார் வளைகுடா நோக்கிச் சென்றது. 2025 கார்த்திகை இறுதியில் டிட்வா இலங்கையெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்துவிட்டுத் தமிழ்நாட்டுக் கரையோரமாக நகர்ந்தது. அறுபத்து நாலின் பாதை அடைபட்டுவிடவில்லை என்பதற்கு இவை சாட்சி. இலங்கையின் 2016 முதல் 2025 வரையிலான தேசிய இசைவாக்கத் திட்டம் துறைவாரியாக எழுதப்பட்டது. அதைவிட நம்பிக்கை தருவது, பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியோடு மல்வத்து ஓயா, யான் ஓயா, மீ ஓயா ஆகிய ஆற்றுப் படுகைகளை அலகாகக் கொண்டு தொடர்குளங்களைச் செப்பனிட்ட வேலை. மாவட்ட எல்லையைப் பாராமல் ஆற்றின் எல்லையைப் பார்த்து, அநுராதபுரத்துக் குளத்தையும் வவுனியாக் குளத்தையும் ஒரே கணக்கில் சேர்த்தது அது. கனகராயன் ஆற்றுக்கும் பேராற்றுக்கும் பாலியாற்றுக்கும் இத்தகைய முழுப்படுகைக் கணக்கு வேண்டும். தலைப்புக் குளங்களில் மழைமானி வைத்து, அதன் அளவு இரவோடிரவாக இரணைமடுக் கதவுக் காவலரை அடைய வேண்டும். புது தில்லி நிலையத்தின் புயல் ஆலோசனை தமிழிலும் எழுதப்பட்டு, முல்லைத்தீவுக் கரைக்கும் இராமேசுவரத்துக் கரைக்கும் ஒரே வேளையில் செல்ல வேண்டும்.

இவற்றுள் பணம் வேண்டாத ஒன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் சிறுபோகத்துக்கு முன் அரசாங்க அதிபரின் தலைமையில் கிளிநொச்சியில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், இரணைமடுவின் கீழ் வயல் வைத்திருப்போர் அமர்கிறார்கள். அந்த நீர் புறப்படும் கனகராயன்குளத்துப் பக்கத்துக் கமக்கார அமைப்புக்களையும், அதே குளத்தை நோக்கிக் காத்திருக்கும் குடாநாட்டாரையும் பார்வையாளராகவேனும் அங்கே அமர்த்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அழைப்புக் கடிதம் போதும்.